பழைய எஃப்-150 பிக்கப்புல இக்னிஷன் ஸ்விட்ச் நாமளே மாத்துறது எப்படி

சாவியைத் திருப்பினா இஞ்சின் பிடிக்குது, கையை விட்ட அடுத்த செகண்ட் நின்னு போகுது. என்னோட 1990 ஃபோர்டு எஃப்-150 (4.9 லிட்டர், ஆறு சிலிண்டர், ஆட்டோமேட்டிக்) ரெண்டு வாரம் இப்படித்தான் படுத்துச்சு. நான் ஃப்யூயல் பம்ப்பா இருக்கும்னு அது பின்னாடியே சுத்திட்டிருந்தேன், கடைசில டெஸ்ட் லைட் (ஒயர்ல கரண்ட் இருந்தா எரியுற சின்ன பல்பு) வச்சுப் பாத்தா சாவி ஸ்டார்ட் நிலையில இருக்கும்போது கரண்ட் வருது, கையை விட்டதும் வர்ற ரன் நிலையில வரல. இத்தனை வருஷத்துல இக்னிஷன் ஸ்விட்ச் உள்ள இருக்கிற காண்டாக்ட் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான். இந்த மாதிரி வேலைக்கு மல்டிமீட்டரை விட டெஸ்ட் லைட்தான் என் சாய்ஸ், லோடு இருக்கும்போது கரண்ட் வருதான்னு அது உண்மையைச் சொல்லிடும்.

சாவி போடுற லாக் சிலிண்டர் வேற, கரண்ட்டைப் பிரிச்சு அனுப்புற ஸ்விட்ச் வேற. 1987-91 வண்டிகள்ல ஸ்விட்ச், ஸ்டியரிங் காலம் (column, ஸ்டியரிங் வீலைத் தாங்குற தண்டுப் பகுதி) மேல, டேஷ்போர்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். ரெண்டையும் இணைக்கிறது ஒரு மெல்லிசான கம்பி. சாவி லொடலொடன்னு எந்தப் பிடிப்பும் இல்லாம சுத்துச்சுன்னா அந்தக் கம்பி பக்கம்தான் கோளாறு, ஸ்விட்ச் வாங்கிக் காசை வீணாக்காதீங்க.

முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. சாவி ஆஃப்ல இருந்தாலும் ஸ்விட்சுக்கு வர்ற ஒயர்ல எப்பவும் கரண்ட் இருக்கும், அதனால இதைத் தள்ளிப் போடாதீங்க. காலம் கீழ இருக்கிற கவரைக் கழட்டிட்டு, காலத்தை டேஷோட பிடிச்சிருக்கிற நட்டுகளை எடுத்தா அது மெதுவா சீட் பக்கம் இறங்கும். காலத்துல கியர் இருக்கிற ஆட்டோமேட்டிக்னா, இறக்குறதுக்கு முன்னாடியே கியர் காட்டுற முள்ளோட கேபிளை விடுவிச்சிடுங்க, இல்லன்னா அறுந்துடும். கால் இன்ச் ராட்செட்டும் நீளமான எக்ஸ்டென்ஷனும் போதும். இம்பாக்ட் கன் வேண்டவே வேண்டாம், இடமும் பத்தாது, பழைய போல்ட்டும் தாங்காது.

கனெக்டரை இழுத்துட்டு ரெண்டு நட்டைக் கழட்டி ஸ்விட்சை நேரா மேல தூக்குங்க, கம்பியில இருந்து விட்டு வந்துடும். கனெக்டர் பிளாஸ்டிக் பழுப்பா, உருகின மாதிரி இருந்தா அதையும் மாத்தணும், இல்லன்னா புது ஸ்விட்சும் சூடாகும். 1988-லிருந்து 1993 வரைக்கும் வந்த ஃபோர்டு வண்டிகள்ல பல மாடல்களை, இக்னிஷன் ஸ்விட்ச் உள்ள ஷார்ட் ஆகி தீப்பிடிக்கலாம்னு 1996-ல ரீகால் பண்ணினாங்க (கம்பெனியே திரும்பக் கூப்பிட்டுச் சரி பண்றது), அமெரிக்காவுல மட்டும் சுமார் 79 லட்சம் வண்டி. உங்க வண்டி அதுல வருதான்னு வின் நம்பரை (வண்டியோட அடையாள எண்) டீலர்கிட்ட குடுத்துக் கேட்டுடுங்க.

இப்ப என்னைக் கவுத்த இடம். புது ஸ்விட்ச் வரும்போதே பக்கவாட்டு ஓட்டையில ஒரு சின்ன பின் குத்தியிருக்கும். அது சும்மா பேக்கிங்குக்குன்னு நினைச்சு நான் பிடுங்கிப் போட்டுட்டேன், ஸ்விட்ச் நகர்ந்துடுச்சு. அப்படியே மாட்டினதுல சாவியை லாக்குக்குத் திருப்பின பிறகும் இஞ்சின் ஓடிட்டே இருந்துச்சு, மறுபடி எல்லாத்தையும் இறக்க வேண்டியதாப் போச்சு. அந்தப் பின் ஸ்விட்சை லாக் நிலையில பிடிச்சு வைக்கத்தான் இருக்கு. மேல லாக் சிலிண்டரும் அதே நிலையில இருக்கணும், அதுக்கு ஆட்டோமேட்டிக்னா பார்க், மேனுவல்னா ரிவர்ஸ் போட்டு, சாவியை லாக்குக்குத் திருப்பி வெளிய எடுத்துடணும். அப்புறம் கம்பியை ஸ்விட்ச்ல கோத்து நட்டை லூசா மட்டும் போட்டு, ஸ்விட்சை காலத்தோட மேலயும் கீழயும் நகர்த்திப் பாருங்க, கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அந்த ஆட்டத்துக்கு நடுவுல நிறுத்தி டைட் பண்ணுங்க. டைட் பண்ணின பிறகுதான் பின்னை எடுக்கணும். பின் தொலைஞ்சுட்டா மெல்லிசான டிரில் பிட் ஒண்ணைச் சொருகிக்கலாம்.

கனெக்டர், காலம், கேபிள், கவர், கடைசில பேட்டரி. பார்க்லயும் நியூட்ரல்லயும் ஸ்டார்ட் ஆகணும், பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு டிரைவ்லயும் ரிவர்ஸ்லயும் சாவியைத் திருப்பிப் பாருங்க, ஸ்டார்டர் சுத்தவே கூடாது.

பின்சேர்க்கை: 1995 வண்டி வச்சிருக்கிறவர் ஒருத்தர் இதே மாதிரி செய்யலாமான்னு கேட்டிருந்தாரு. 1992-லிருந்து ஸ்விட்ச் அமைப்பே வேற, அதோட 1994-லிருந்து டிரைவர் பக்கம் ஏர்பேக் வந்துடுச்சு. அந்த வண்டிகள்ல காலத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி அந்த வருஷத்தோட சர்வீஸ் மேனுவல்ல ஏர்பேக்கை எப்படி ஆஃப் பண்றதுன்னு பாத்துட்டு ஆரம்பிங்க.