தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

சென்னையில் வீட்டுத் தோட்டத்தைத் தொழில்முறைப் பராமரிப்பாளரிடம் மாத ஒப்பந்தத்தில் ஒப்படைப்பவர்கள், மாதத்துக்கு எத்தனை முறை வருவார் என்பதோடு நிறுத்திவிடாமல், எந்தப் பருவத்தில் எந்த வேலை நடக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபரில் தொடங்குவதால், மா, வேம்பு, முருங்கை ஆகியவற்றின் காய்ந்த கிளைகளையும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் கனமான கிளைகளையும் செப்டம்பருக்குள் கழித்துவிட வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் நகரெங்கும் மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அவசியம் புரியும். ஆனால், மரத்தை மொட்டையடிப்பது, கிளைகளை அளவாக வெட்டிச் சீராக்கும் கவாத்து ஆகாது. கிளை தண்டோடு சேருமிடத்தில் உள்ள தடித்த வளையத்தைச் சேதப்படுத்தாமல் அதற்குச் சற்று வெளியே வெட்டினால்தான் காயம் ஒழுங்காக மூடும். இதை அறியாதவரிடம் அரிவாளைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளின் மணற்பாங்கான மண்ணில் நீரோடு சத்தும் விரைவில் இறங்கிவிடுவதால், உரத்தை மொத்தமாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகப் பிரித்து இடச் சொல்லுங்கள். கோடையில் செம்பருத்தியைத் தாக்கும் மாவுப்பூச்சிக்கு, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, மாலையில் இலைகளின் அடிப்புறம் நனையும்படி தெளிக்கலாம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ ஒரு வாரமே போதும் என்பதால், தொட்டித் தட்டுகளில் தேங்கும் நீரை வாரந்தோறும் கொட்டித் தேய்த்துக் கழுவும் வேலையை மட்டும், மாதம் இருமுறை வருபவரை நம்பியிராமல் வீட்டிலுள்ளவர்களே செய்ய வேண்டும்.