பார்கின்சன்: மாத்திரை சரிதான், நேரம்தான் தவறு

“மாத்திரை கேட்கவே மாட்டேங்குது, டோஸைக் கூட்டுங்க” என்று டாக்டரிடம் போய் நிற்பதற்கு முன், அந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எதனோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

பார்கின்சன் என்கிற நடுக்குவாதத்துக்கு முதன்மையான மருந்து லெவோடோபா. சின்டோபா என்று கடையில் வாங்குவது லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை. லெவோடோபா ஓர் அமினோ அமிலம். பருப்பு, பால், முட்டை, கறி செரித்து வரும் அமினோ அமிலங்களும் அதுவும் குடலைக் கடப்பது ஒரே வாசல் வழியாக. மூளைக்குள் நுழைவதும் அப்படியே. நெரிசலில் மருந்து வெளியே நின்றுவிடுகிறது. எட்டு மணிக்கு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பாலோடு போட்ட மாத்திரை பத்து மணியாகியும் ஏறாமல், சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி விரல்கள் அப்படியே நிற்பது இதனால்தான். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகோ, நிறையத் தண்ணீர் குடித்துப் போடுங்கள். குமட்டினால், மாத்திரையோடு இரண்டு பிஸ்கட் போதும். இதைக் கேட்டுவிட்டுப் பருப்பையும் முட்டையையும் அடியோடு நிறுத்துகிறவர்களும் உண்டு. உடம்பு இளைத்துத் தசை கரைவதுதான் மிச்சம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சீட்டில் ‘மூன்று வேளை’ என்று இருந்தால் அதை மணிக்கணக்காகவே எழுதி வாங்குங்கள், 7, 12, 5 என்பது போல. வேறு நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது முதலில் தவறுவது இந்த நேரம்தான். வார்டில் எல்லோருக்கும் மருந்து கொடுக்கும் நேரம் வேறு. அந்தச் சீட்டைச் சேர்த்த அன்றே நர்ஸிடம் கொடுங்கள். கையிருப்பு பத்து நாளுக்குக் குறையும்போதே வாங்கிவிடுங்கள். மருந்து திடீரென்று நின்றால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவு தடுமாற்றம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மெதுவாகக் கரையும் சிஆர் வகை மாத்திரையைப் பொடிக்கவும் கூடாது, மெல்லவும் கூடாது. பூனைக்காலி விதைப் பொடியை ‘இயற்கைதானே’ என்று கூடவே கொடுக்காதீர்கள். அதில் இருப்பதும் லெவோடோபாதான், அளவு தெரியாத லெவோடோபா.

எங்களை மிகவும் வருத்துவது அடுத்த தவறு. வாந்தி, தலைசுற்றல் என்று பக்கத்துக் கடையில் கேட்டால் ஸ்டெமெடில், பெரிநார்ம், சின்னரிசின் போன்றவற்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைன் என்கிற பொருளாக மாறித்தான் உடலை அசையவைக்கிறது. இவை அந்த டோபமைனைத் தடுப்பவை. சில நாளிலேயே நடை மோசமாகலாம். நோய் முற்றிவிட்டது என்று வீடு பயந்துபோகும். வாந்திக்கு டாம்பெரிடோன் பொதுவாகப் பொருந்தும். இதய நோய் இருந்தால் அதையும் டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். தவிர்க்கவேண்டிய மருந்துகளின் பெயரை ஒரு சீட்டில் எழுதி நோயாளியின் பர்ஸில் வையுங்கள்.

நிலைவாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மேல் உடம்பு மட்டும் முன்னால் வரும், கால் வராது, விழுவார். நிற்கவிடுங்கள். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றச் சொல்லி, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணி, ஒரு பெரிய அடி வைக்கச் சொல்லுங்கள். வழக்கமாக நிற்கும் இடத்தில் தரைக்குக் குறுக்கே ஒரு அடி இடைவெளியில் பளிச்சென்ற டேப் ஒட்டினால், கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் கால் எழும்.

நம் வீடுகளில் தண்ணீரை அண்ணாந்து குடிப்பது வழக்கம். விழுங்கத் தடுமாறுகிறவருக்கு இது வேண்டவே வேண்டாம். தலை பின்னால் சாயும்போது தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வரை போகும். நிமிர்ந்து உட்காரவைத்து, டம்ளரை உதட்டில் வைத்து, வாய் வாயாகக் குடிக்கவிடுங்கள்.

இது வயோதிக நோய், அரசு உதவியெல்லாம் கிடைக்காது என்று இருந்துவிடுகிறவர்கள் அதிகம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் பார்கின்சனும் ஒன்று. மாற்றுத்திறனாளிக்கான யுடிஐடி அடையாள அட்டைக்கு மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்திலோ, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலமோ விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு இருக்கவேண்டும். இந்தச் சதவீதத்தைக் கணிக்கும் பரிசோதனைக்குப் போகும் நேரத்தில் மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்தால், டாக்டர் முன்னால் அவர் விறுவிறுவென்று நடந்துவிடுவார். மருந்தின் வேகம் குறைந்த நேரத்தில் அவர் எழுவதை, நடப்பதை, சோற்றைப் பிசைவதை முன்பே போனில் வீடியோ எடுத்து, நரம்பியல் மருத்துவரின் பழைய சீட்டுகளோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.