கிளாஸ் ஆக்‌ஷன் நோட்டீஸ் வந்தால் அழித்துவிடாதீர்கள்

அமெரிக்காவில் ஆப் விற்கும் சின்ன டெவலப்பர்களுக்கு எப்போதாவது, நீதிமன்ற வழக்கு ஒன்றைச் சொல்லி ஒரு மெயில் வரும், பார்க்க அப்படியே ஸ்பேம் மாதிரி இருக்கும். தயவுசெய்து திறந்து படியுங்கள். கிளாஸ் ஆக்‌ஷன் என்பது ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட எல்லோர் சார்பிலும் ஒரு சிலர் போடும் வழக்கு. இந்த வகை வழக்கில் யாரும் கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டியதில்லை. யாரெல்லாம் இதில் அடக்கம் என்ற வரையறைக்குள் வந்தாலே நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். சும்மா இருந்துவிட்டால் பெரும்பாலும் பணமும் வராது, அதே விஷயத்துக்குத் தனியாக வழக்குப் போடும் உரிமையும் போய்விடும்.

முதலில் அந்த வரையறையைப் பாருங்கள். ஆப் விற்பனையில் ஏகபோகம் செய்கிறது என்று டெவலப்பர்கள் ஆப்பிள் மீது போட்ட கேமரன் வழக்கு 2021-ல் 10 கோடி டாலருக்குச் சமரசம் ஆனபோது, 2015 ஜூன் 4 முதல் 2021 ஏப்ரல் 26 வரை விற்ற அமெரிக்க டெவலப்பர்களுக்கு மட்டும்தான் இடம், அதுவும் அமெரிக்க ஆப் ஸ்டோர் வருமானம் எந்த வருடத்திலும் 10 லட்சம் டாலரைத் தாண்டியிருக்கக் கூடாது. அந்த ஆரம்பத் தேதி ஏன் 2015? வழக்குப் போட்டது 2019 ஜூன் 4, ஏகபோக வழக்குகளில் நஷ்டஈட்டுக்கான காலவரம்பு நான்கு வருடம். கூகுளுடன் 2022-ல் ஆன 9 கோடி டாலர் சமரசத்தில் வரம்பு 20 லட்சம் டாலர். உங்களுக்கு இரண்டு மூன்று அக்கவுண்ட் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மெயில் உண்மையானதா என்று சந்தேகமாக இருந்தால் அதிலுள்ள லிங்கைத் தொடாமல், வழக்கு எண்ணை நீதிமன்றப் பதிவில் தேடிப் பாருங்கள். கிளெய்ம் போட யாராவது காசு கேட்டால் அது மோசடி. வக்கீல் கட்டணம் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட பிறகு சமரசத் தொகையிலிருந்தே போகும்.

அப்புறம் மூன்று வழி இருக்கிறது: கிளெய்ம் போடலாம், சமரசம் அநியாயமாகப் பட்டால் உள்ளே இருந்தபடியே நீதிபதிக்கு ஆட்சேபம் எழுதலாம், இல்லை எழுதிக் கொடுத்து விலகலாம். விலகினால் தனியாகப் போராட வேண்டும், இந்த வழக்குகளில் பொருளாதார நிபுணர்களுக்கே கொட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆப்பிள் மீது தனியாக வழக்குப் போட்ட எபிக் கேம்ஸ் மாதிரி பெரிய வீடியோ கேம் நிறுவனத்துக்கு அது முடியும். சின்ன டெவலப்பர் கிளெய்ம் போடுவதுதான் சரி என்பேன். ஆப்பிள் வழக்கில் அறிவித்த குறைந்தபட்சத் தொகையே, விற்பனையைப் பொறுத்து 250 டாலரிலிருந்து 30,000 டாலர் வரை இருந்தது. கடைசித் தேதியை மட்டும் தவற விடாதீர்கள்.

தொகையோடு நிறுத்தாமல், நிறுவனம் எதை மாற்ற ஒப்புக்கொள்கிறது என்பதையும் படியுங்கள். எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியம். கேமரன் சமரசத்தால்தான், ஆப்புக்கு வெளியே பணம் கட்டும் வழி இருக்கிறது என்று வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பும் உரிமை கிடைத்தது. அதிலும் உஷாராக இருக்க வேண்டும், வெளியே லிங்க் வைக்க விடச் சொன்ன எபிக் வழக்கு உத்தரவை ஆப்பிள் வேண்டுமென்றே மீறியது என்று 2025 ஏப்ரலில் நீதிபதி கான்சலஸ் ராஜர்ஸ் தீர்ப்பளித்தார், அப்படி நடந்த விற்பனைக்கும் அது 27 சதவீதம் கமிஷன் கேட்டிருந்தது. சில நாட்களிலேயே டெவலப்பர்கள் சார்பில் இன்னொரு கிளாஸ் ஆக்‌ஷன் வந்துவிட்டது. முன்னால் நின்றது, கேமரன் வழக்கிலும் இருந்த ப்யூர் ஸ்வெட் பாஸ்கெட்பால் என்ற அதே சின்ன நிறுவனம்.

அதனால் ஆப் ஸ்டோர் கனெக்ட், ப்ளே கன்சோல் என்ற டெவலப்பர் கணக்குத் தளங்கள் (முதலாவது ஆப்பிளுடையது, அடுத்தது கூகுளுடையது) இரண்டிலும் உள்ள வருமான அறிக்கைகளை வருடா வருடம் இறக்கி வையுங்கள். அக்கவுண்ட்டை மூடப் போகிறீர்கள் என்றால், மூடும் முன்பே இறக்கிவிட்டு, தொடர்பு மெயிலை நீங்கள் தினமும் பார்க்கும் முகவரிக்கு மாற்றிவிடுங்கள். நோட்டீஸ் அங்கேதான் வரும்.