அரிய பெயர் வைப்பதற்கு முன் அதைக் குழந்தையின் வாயால் சொல்லிப் பாருங்கள்

“வீட்ல கூப்பிடுற பேர் வேண்டாங்க. உண்மையான பேரைச் சொல்லுங்க.”

என் பெயர் பொழில். உண்மையான பெயரே அதுதான். சோலை என்று பொருள். இந்த விளக்கத்தை ஐந்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொளில், பொலில், பொழிலன் என்றெல்லாம் என்னை எழுதியிருக்கிறார்கள். ‘திரு’ போட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அப்பா ஆசை ஆசையாகத் தேடி வைத்த பெயர்; எனக்கும் பிடிக்கும். ஆனால் பிடிக்க ஆரம்பித்தது இருபது வயதுக்கு மேல்தான். அதுவரை ஒவ்வொரு புது வகுப்பின் முதல் நாளும் வயிற்றைக் கலக்கும்.

இப்போது நானே ஆசிரியை. 16 ஆண்டுகளாக வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் வாசிக்கிறேன். ஆக, அரிய பெயரைச் சுமந்தவளாகவும் தெரியும், அதைக் கேட்டதும் ஒருவர் மனத்தில் என்ன ஓடும் என்றும் தெரியும். குழந்தைக்கு யாரும் வைக்காத பெயராக வைக்க நினைக்கும் அம்மா அப்பாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வைக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. என் மகளுக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஒரு பெயரால் வரும் தொல்லை மூன்று வகை. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், சிலர் பயப்பட வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். முதலாவது சிரமம்: சொல்ல வராது, எழுத வராது. இரண்டாவது கேலி. மூன்றாவது பாகுபாடு: பெயரை வைத்து இவர் இன்ன இனம், இன்ன மதம், இவ்வளவுதான் வசதி என்று கணக்குப் போட்டு ஒதுக்குவது. முதல் இரண்டையும் பெயர் வைக்கும்போதே பெருமளவு தவிர்த்துவிடலாம். மூன்றாவதுக்கு வழி வேறு.

வாய்க்கு வருகிறதா?

பெயரைத் தாளில் எழுதி அழகு பார்ப்பது போதாது. வேறு யாருக்காவது தொலைபேசியில் சொல்லுங்கள், எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். நான்கு பேரிடம் இப்படிச் செய்தால் உங்கள் குழந்தை வாழ்நாள் முழுக்கச் செய்யப்போகும் வேலை என்னவென்று தெரிந்துவிடும். ஒரு முறை விளக்கினால் பிடித்துக்கொள்கிறார்களா, மூன்று முறை சொன்ன பிறகும் தடுமாறுகிறார்களா என்பதை மட்டும் கவனியுங்கள். ஒரு முறை விளக்கினால் போதும் என்றால் தாராளமாக வையுங்கள்.

பிறகு உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பிள்ளையைக் கூப்பிடுவது போல. கோபத்தில், தூக்கக் கலக்கத்தில், கொஞ்சலில். அதன் பிறகு, முக்கியமாக, “வணக்கம், நான் இன்னார்” என்று நீங்களே அந்தப் பெயரைச் சொந்தப் பெயராகச் சொல்லி ஒரு நாள் முழுக்கப் பழகுங்கள். முன்பின் தெரியாதவரிடம் சொல்லும்போது குரல் தானாகத் தாழ்கிறதா? என் தோழி ஒருத்தி இப்படிச் செய்துவிட்டு, ஆறு மாதம் தேடிப் பிடித்த பெயரை ஒரே மாலையில் கைவிட்டாள். “எனக்கே சொல்லக் கூச்சமா இருக்கு, அதை ஏன் பிள்ளை தலையில கட்டணும்?” என்றாள்.

இதில் ஒன்று தெரிந்துகொள்வது நல்லது. சொல்ல எளிதான பெயர் உடையவர்களைப் பற்றி மக்கள் கூடுதலாக நல்லெண்ணம் கொள்கிறார்கள் என்று 2012-இல் வெளியான உளவியல் ஆய்வு ஒன்று காட்டியது. லேஹம், கோவல், ஆல்டர் என்ற மூவர் செய்தது. அமெரிக்கச் சட்ட நிறுவனங்களின் 500 வழக்கறிஞர்களை எடுத்துப் பார்த்ததில், சொல்ல எளிதான குடும்பப் பெயர் கொண்டவர்கள் உயர்பதவிக்குச் சற்று விரைவாகப் போயிருந்தார்கள். பெயர் நீளமா, அரியதா, அயல்மொழிப் பெயரா என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் அந்த வேறுபாடு இருந்தது. அரிய பெயர் தேடுபவர்களுக்கு இது நல்ல செய்தி. எவரும் கேட்டிராத பெயராக இருக்கட்டும், நாக்கு அதில் இடறாமல் இருந்தால் போதும். என் பெயரில் இருக்கும் ழகரம் எனக்கு உயிர். ஆனாலும் வேறு மொழிக்காரர்களிடம் அது படும் பாட்டைப் பார்த்தவள் என்பதால், மகளுக்கு ழகரம் இல்லாத பெயராகத் தேடினேன்.

தாளில் எப்படி வரும்?

இதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. கடவுச்சீட்டின் அடியில் கணினி படிப்பதற்கென்று இரண்டு வரிகள் இருக்குமே, அதில் பெயருக்கு 39 இடங்கள்தான். குடும்பப் பெயர், சொந்தப் பெயர், இடையில் வரும் குறிகள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ரோமன் எழுத்தின் 26 பெரிய எழுத்துகள் தவிர வேறொன்றும் அங்கே ஏறாது. எழுத்தின் மேல் போடும் புள்ளி, கோடு, மேற்கமா எதுவும் நிற்காது. ஆகவே மூன்று சொல் சேர்ந்த நீளப் பெயர் என்றால் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்று பெயர் பதிவு செய்யும் முன்பே முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோரும் அதையே பின்பற்றுங்கள். என் ஆவணங்களில் ழகரம் மூன்று விதமாக இருக்கிறது. மூன்றும் நான்தான் என்று நிரூபிக்கப் போன நாட்களை எண்ணினால் வருத்தமாக இருக்கும்.

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். எல்லா இடத்திலும் விரும்பிய பெயரை வைத்துவிட முடியாது. டென்மார்க்கில் அனுமதித்த பெயர்ப் பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாததற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பிரான்ஸில் 1993 முதல் பெற்றோர் விருப்பம்தான், ஆனால் குழந்தையின் நலனுக்குக் கேடு என்று தோன்றினால் பதிவாளர் விஷயத்தை மேலே கொண்டுபோகலாம். ஐஸ்லாந்தில் ஒரு பெண்ணுக்கு ப்ளேர் என்று பெயர் வைத்தார்கள். இளங்காற்று என்று பொருள். அந்தச் சொல் இலக்கணப்படி ஆண்பால் என்று பெயர்க் குழு ஏற்கவில்லை. 2013 ஜனவரியில் ரெய்க்யாவிக் நீதிமன்றம் அனுமதி தரும்போது அவளுக்கு 15 வயது. அதுவரை அரசு ஆவணங்களில் அவள் பெயர் ‘சிறுமி’ என்றே இருந்தது. சோலை என்று பெயர் கொண்ட நான் இளங்காற்றின் கதையைப் படித்துவிட்டு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள்

கேலி வருமா என்று பெரியவர்களிடம் கேட்டுப் பயனில்லை. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையிடம் பெயரைச் சொல்லி, “இந்தப் பேரை வச்சு எப்படியெல்லாம் கிண்டல் பண்ணலாம்?” என்று கேளுங்கள். மகளுக்கு ஆம்பல் என்று வைக்க நினைத்தபோது அக்கா மகனிடம் கேட்டேன். இரண்டு நொடி கூட ஆகவில்லை. “ஆம்பல் சாம்பல்!” என்றான்.

நானும் கணவரும் ஒரு வாரம் யோசித்தோம். கடைசியில் வைத்தோம். எதுகையால் வரும் கேலியிலிருந்து எந்தப் பெயரும் தப்பாது, ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கும் பெயருக்கும் ஓர் எதுகை கிடைத்துவிடும். அது கொஞ்ச காலத்தில் சலித்துப்போகும். நான் விலக்கச் சொல்வது வேறு வகை: உடலுறுப்பையோ வசைச்சொல்லையோ நினைவூட்டும் ஒலி, பிள்ளை வளர்ந்த பிறகு அவமானமாகத் தோன்றக்கூடிய பொருள், பெற்றோரின் ரசனைக்குப் பிள்ளையை விளம்பரமாக்கும் பெயர். உங்கள் வீட்டில் பேசும் எல்லா மொழிகளிலும், பிள்ளை வாழக்கூடிய இடத்தின் மொழியிலும் அந்த ஒலிக்கு என்ன பொருள் என்று கேட்டுவிடுங்கள்.

நியூஸிலாந்தில் 2008-இல் ஒரு வழக்கு. ‘ஹவாயிலிருந்து ஹூலா நடனம் ஆடுகிறாள் தலூலா’ என்று பொருள்படும் முழு வாக்கியம் ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பெயர். அவள் தோழிகளிடம் தன் பெயரையே சொன்னதில்லை. ‘கே’ என்று கூப்பிடச் சொன்னாள். பெயரை மாற்றுவதற்காகவே நீதிபதி அவளைத் தற்காலிகமாக நீதிமன்றத்தின் பொறுப்பில் எடுத்தார். ஒரு குழந்தை தன் பெயரை ஒளித்து வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போன அத்தனை நாளையும் நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

முன்கூட்டியே தெரியாத ஆபத்தும் உண்டு. குரலுக்குப் பதில் சொல்லும் கருவி ஒன்று வரும், அதற்குத் தங்கள் மகளின் பெயரையே வைப்பார்கள் என்று அலெக்ஸா என்று பெயரிட்ட பெற்றோர் யாரும் நினைத்திருக்க முடியாது. அதற்காகத்தான், பெயரைச் சுருக்கியோ பின்பாதியை மட்டும் வைத்தோ கூப்பிட வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். இரண்டாவதாக எளிய பெயர் ஒன்றைச் சேர்த்துப் பதிவு செய்தாலும் நல்லது. பிள்ளைக்கு ஒரு மாற்றுக் கதவு இருக்கும்.

பாகுபாடு

அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 விண்ணப்பங்களை அனுப்பி ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2004-இல் வெளியானது. தகுதியில் மாற்றமில்லை, பெயரில்தான் மாற்றம். வெள்ளையர் பெயராகத் தோன்றிய விண்ணப்பங்களில் பத்துக்கு ஒன்று என அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயராகத் தோன்றியவற்றில் பதினைந்து அனுப்பினால்தான் ஒன்று.

இதைப் படித்துவிட்டு, “அப்படியானால் யார் என்று தெரியாத பொதுப் பெயராக வைத்துவிடலாம்” என்று சொல்லும் பெற்றோரை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே 2004-இல் ஃப்ரையர், லெவிட் என்ற பொருளாதார அறிஞர்கள் கலிபோர்னியாவின் பிறப்புப் பதிவுகளை அலசினார்கள். கறுப்பினத்தவருக்கே உரிய பெயர் கொண்ட பெண்களின் பிற்கால வாழ்க்கையை, அவர்கள் பிறந்த குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, பெயரால் மட்டும் தீங்கு வந்ததாகத் தெரியவில்லை. பெயருக்காக ஒருவர் கதவை மூடுவதும் நடக்கிறது. அதற்காகப் பிள்ளையின் வாழ்வே பெயரோடு முடிந்துவிடுவதில்லை.

என் கருத்து இது. சொல்ல முடியாத பெயரை மாற்றுங்கள், அசிங்கமாக ஒலிப்பதை மாற்றுங்கள். நீங்கள் யார் என்று காட்டுகிறது என்பதற்காக மட்டும் ஒரு பெயரைக் கைவிடாதீர்கள். அங்கே திருந்த வேண்டியது பெயரை வாசிப்பவர். அவர்களில் நானும் ஒருத்தி. ஆண்டுத் தொடக்கத்தில் பட்டியல் கைக்கு வந்ததும், முகம் பார்க்கும் முன்னரே சில பிள்ளைகளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நடிகரின் பெயரை அப்படியே வைத்திருந்தால் ‘இந்த வீட்டில் படிப்பைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்’ என்று எண்ணியிருக்கிறேன். அது எவ்வளவு தவறு என்பதை அந்தப் பிள்ளைகளே எனக்குக் காட்டினார்கள். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வொன்று 2009-இல் வெளியானது. அதில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர், கெவின் என்பது பெயரே இல்லை, அது நோயைக் கண்டறிந்து சொல்லும் சொல் என்று எழுதியிருந்தார். கெவின் அரிய பெயரும் அல்ல. படிக்காத, வசதியில்லாத வீட்டுப் பெயர் என்று அங்கே பலர் முடிவு கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

வைத்த பிறகு

பிறந்த பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது. தாத்தா பாட்டி முணுமுணுப்பார்கள். அவர்களிடம் வாதாடாமல் பெயரின் கதையைச் சொல்லுங்கள், யார் தேடியது, ஏன் பிடித்தது என்று. ஒரு மாதம் குழந்தையை அந்தப் பெயரால் கொஞ்சினால் முணுமுணுப்பு நின்றுவிடும்.

பிள்ளை பேச ஆரம்பித்ததும் ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொடுங்கள். எங்கள் வீட்டில்: “நான் ஆம்பல். தண்ணில பூக்குற பூ.” பெயர், பொருள், முடிந்தது. மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம், நீண்ட விளக்கமும் வேண்டாம். யாராவது தவறாகச் சொன்னால் உடனே, சிரித்த முகத்தோடு, சரியாக ஒரு முறை சொல்லிக்காட்டப் பழக்குங்கள். நீங்களும் பிள்ளையின் முன்னால் அப்படியே செய்யுங்கள். ‘பரவாயில்லை, எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்’ என்று என் அம்மா பலரிடம் சொல்வார், நல்ல மனத்தோடுதான். ஆனால் என் பெயர் அவ்வளவு முக்கியமில்லை போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பள்ளியில் சேர்த்த முதல் வாரமே ஆசிரியரைப் பார்த்து உச்சரிப்பைச் சொல்லிவிடுங்கள். கேலி வந்தால், அது பெயரோடு நிற்கிறதா, பிள்ளையின் இனத்தையோ குடும்பத்தையோ தொடுகிறதா என்று கேளுங்கள். பெயரோடு நின்றால் பிள்ளை சமாளிக்கப் பழகட்டும், கூட இருங்கள். மற்றதென்றால் அன்றைக்கே பள்ளிக்குப் போங்கள்.

பிள்ளை வளர்ந்து, “எனக்கு இந்தப் பேர் வேண்டாம்” என்று சொல்லும் நாளும் வரலாம். மனம் வலிக்கும். ஒரு வருடம் பொறுத்து, அப்போதும் அதையே சொன்னால், மாற்றும் விண்ணப்பத்தில் நீங்களே துணை நின்று கையெழுத்துப் போடுங்கள். பெயர் அவர்களுடையது.

பிறர் பிள்ளையின் பெயரை வாசிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் நான் பட்டியலை வாசிப்பதில்லை. ஒவ்வொருவரையும் தங்கள் பெயரைச் சொல்லச் சொல்கிறேன். பென்சிலை எடுத்து, காதில் விழுந்தபடி, அச்சடித்த பெயருக்கு மேல் எழுதிக்கொள்கிறேன். மறுநாள் அதைப் பார்த்து வாசிக்கிறேன். சரியாக வந்ததா என்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.