செப்புத் தகட்டில் வெள்ளிக் கிளைகள்: ராமன் சிக்னல் ஒழுங்குக்கு வந்த விதம்

செப்புத் தகட்டை வெள்ளி நைட்ரேட் கரைசலில் போட்டால் செம்பு கரைய, அந்த இடத்தில் வெள்ளி படியும். மின்சாரம் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் பெரணி இலை மாதிரி கிளை கிளையாக வளர்ந்துவிடும். கிளைகளுக்கு நடுவிலுள்ள நானோ இடுக்குகளில் மாட்டும் மூலக்கூறுகளின் ராமன் சிக்னல், அதாவது லேசர் பட்டுச் சிதறி மூலக்கூறை அடையாளம் காட்டும் ஒளி, பல மடங்கு பெருகும். கரடான வெள்ளியில் இந்த விளைவை முதலில் பார்த்தது 1974இல், இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில், பிரிடின் என்ற கரிமச் சேர்மத்தை வைத்து.

என் தகடுகளில் சிக்னல் ஒரு ஓரம் பிரமாதம், மறு ஓரம் பூஜ்யம். பார்த்தால், தகட்டின் மேல் இருந்த ஆக்சைடு படலம்தான் வில்லன். நீர்த்த கந்தக அமிலத்தில் முக்கி எடுத்ததும் தகடு இளஞ்சிவப்பாகப் பளிச்சென்று ஆனது. அயனி நீக்கிய நீரில் அலசி, காயவிடாமல் அப்படியே 10 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் கரைசலில் இறக்கினேன். சாம்பல் பூச்சு ஒரே சீராக வந்தது. குழாய்த் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். அதிலுள்ள குளோரைடு பட்டதும் கரைசல் பால் நிறமாகிவிடும்.

அடுத்த தொல்லை லேசர். ரோடமின் 6ஜி என்ற சாயத்தை வைத்தால் ராமன் நிறமாலையில் 1362, 1510, 1650 செ.மீ⁻¹இல் கூரான முகடுகள் வரவேண்டும். வந்ததோ 1350, 1580 பக்கம் இரண்டு அகல மேடுகள். சாயம் கருகிக் கார்பனாகிவிட்டது என்று அர்த்தம். லேசர் திறனைக் குறைத்து, ஒரே புள்ளியில் நிற்காமல் பல இடங்களில் அளந்து சராசரி எடுத்தேன், முகடுகள் தெளிந்தன.

செய்த தகட்டை அன்றைக்கே பயன்படுத்துவது உத்தமம். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைச் சும்மா விடாது.