குறைமாசப் பிரசவமா? மாமியாருக்கும் சூப்பர்வைசருக்கும் முதலில் சொல்லுங்கள்

நவம்பர் 17 உலகக் குறைப்பிரசவ தினம். வழக்கமாக என்ன நடக்கும்? காலேஜ் பிள்ளைகள் ஊதா டீசர்ட் போட்டுக்கொண்டு பேனரோடு ரோட்டில் ஒரு நடை நடப்பார்கள், போட்டோ, டீ, பிஸ்கட், அவ்வளவுதான். உங்கள் மகளிர் குழுவோ இளைஞர் மன்றமோ இந்த வருசம் ஏதாவது செய்யலாம் என்று நினைத்தால் தயவுசெய்து ஊர்வலத்தை விட்டுவிடுங்கள்.

யாரிடம் பேசுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கர்ப்பிணிக்கு நர்சம்மா ஏற்கெனவே சொல்லியிருப்பார். ஆனால் வலி என்று அவள் சொன்னதும் ஆஸ்பத்திரியா கசாயமா என்று தீர்மானிப்பது மாமியார், ஷிப்ட் நடுவில் அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது பனியன் கம்பெனி சூப்பர்வைசர், வண்டி எடுப்பது வீட்டுக்காரர். இந்த மூன்று பேரும்தான் உங்கள் கூட்டத்தில் உட்கார வேண்டியவர்கள்.

என்ன சொல்வது? நிறையச் சொல்லாதீர்கள். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாசம். அதற்கு முன்னால் வயிறு விட்டு விட்டு இறுகினாலும், இடுப்பு வலி விடாமல் இருந்தாலும், அடிவயிறு கீழே அழுத்தினாலும், தண்ணீர் கசிந்தாலும், ரத்தம் பட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. நம்ம பக்கம் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். "அது சூட்டு வலிங்க கண்ணு, சீரகத் தண்ணி குடிச்சுட்டுப் படு, காலைல பாத்துக்கலாம்" என்று ஒரு ராத்திரியைப் போக்கிவிடுவார்கள். சூட்டு வலியாகவே இருக்கட்டும், அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், ஏனென்றால் 34 வாரத்துக்குள் வலி வந்தால் குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், அது நன்றாக வேலை செய்ய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், நீங்கள் கசாயம் வைத்துக் கழித்த ராத்திரி அந்த ஒரு நாளில் பாதி.

இன்னொன்று, ஏழு மாசக் குழந்தை பிழைக்கும், எட்டு மாசக் குழந்தை பிழைக்காது என்ற பேச்சு. சுத்தமாகத் தப்பு. வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான்.

பார்த்தவுடனே புரிகிற மாதிரி ஒன்று வேண்டுமென்றால் திருப்பூர்க்காரர்களுக்குச் செலவே இல்லை. காதர்பேட்டையில் குழந்தை பனியன் ஒன்பது வாங்குங்கள், தெரிந்த டெய்லரிடம் கட்பீஸில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா பனியன் ஒன்று தைக்கச் சொல்லுங்கள், பத்தையும் ஒரே கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். உலகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தை குறைமாசம். 2020இல் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம். சந்தை வாசலில் இதைக் கட்டிவிட்டு ஓரமாக நின்றால் போதும், "ஏனுங்க, இதென்னுங்க இத்தினிக்கோண்டு?" என்று அவர்களே கேட்பார்கள். அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

அங்கன்வாடியில் நடக்கும் சமுதாய வளைகாப்பும் நல்ல இடம், மாமியார்கள் மொத்தமாகக் கிடைப்பார்கள். ஐந்து நிமிசம் கேளுங்கள், பத்து கேட்டால் தர மாட்டார்கள். நவம்பர் 1 கிராம சபையில் எழுந்து, ராத்திரி வண்டி வரத் தயாரான டிரைவர்களின் நம்பரை 108க்குப் பக்கத்திலேயே பஞ்சாயத்து போர்டில் எழுதச் சொல்லுங்கள்.

கம்பெனிக்குப் போனால் அறிவுரை வேண்டாம், பாத்ரூமைப் பற்றிப் பேசுங்கள். லைனை விட்டு எழுந்தால் பீஸ் குறையும் என்று தண்ணீரே குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு உட்காரும் பெண்கள் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று குறைப்பிரசவத்தைத் தூண்டக்கூடிய காரணங்களில் ஒன்று. கர்ப்பிணி எழுந்து போனால் கணக்குப் பார்க்காதே என்று சூப்பர்வைசர் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் அந்த நாள் வேலை முடிந்தது. பீகார், ஒடிசா பெண்களும் இருப்பார்கள், நோட்டீஸை இந்தியிலும் ஒடியாவிலும் அடியுங்கள்.

ரத்தசோகை, பிரஷர், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, இரண்டு பிரசவத்துக்கு நடுவே இடைவெளி இல்லாதது, பதினெட்டுக்கு முன்னால் கல்யாணம், புகையிலை, இதெல்லாம் நோட்டீஸில் நாலு வரி. கூடவே, மாசம் 9ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளை டாக்டர் இலவசமாகப் பார்ப்பதையும் போடுங்கள். ஒரு காரணமும் இல்லாமலும் குறைமாசத்தில் பிறக்கும், அதனால் "பப்பாளி சாப்பிட்டியா, பைக்ல போனியா" என்று பெற்றவளைக் குடைய வேண்டாம் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

ஏற்கெனவே குறைமாசக் குழந்தை பெற்ற அம்மாவை மேடையேற்றி அழவைக்காதீர்கள். வந்தே தீருவேன் என்றால் அப்பாவையும் கூப்பிடுங்கள்: குழந்தையை வெறும் நெஞ்சோடு அணைத்துக் கட்டிக்கொள்ளும் கங்காரு முறையை ஆம்பளைகளும் செய்யலாம் என்று ஒரு ஆம்பளை சொன்னால்தான் நம்ம ஊரில் எடுபடும்.

தை பிறந்ததும் நர்சம்மாவிடம் ஒரு தடவை கேளுங்கள், வலி என்று சீக்கிரமே வந்தவர்கள் எத்தனை பேர் என்று. போர்டில் இருக்கும் டிரைவர் நம்பருக்கும் ராத்திரி பதினோரு மணிக்கு அடித்துப் பாருங்கள், எடுக்கவில்லை என்றால் அழித்துவிட்டு வேறு ஆளின் நம்பரை எழுதுங்கள்.