மலை ஊரில் கடல் மீன் தொட்டி: ஸ்கிம்மரில் நடக்கும் தவறுகள்

ஊட்டி, குன்னூர் பக்கம் கடல் மீன் வளர்ப்பவர்கள், ஸ்கிம்மர் (தண்ணீரில் காற்றுக் குமிழி விட்டு, அழுக்கை நுரையாக மேலே உள்ள கோப்பையில் தள்ளும் கருவி) நுரை தள்ளவில்லை என்றதும் கருவியைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அது இழுக்கும் காற்றிலும், அது நிற்கும் தண்ணீர் மட்டத்திலும்தான் இருக்கும்.

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் கரையும் புரதமும் கொழுப்பும் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டி, நுரையாக ஏறி, கோப்பையில் விழும். அவை அழுகி நைட்ரேட் ஆகிவிட்டால் குமிழியில் ஒட்டாது. அதற்குத் தண்ணீர் மாற்றுவதுதான் வழி. நன்னீர்த் தொட்டிக்கு ஸ்கிம்மர் வாங்குவது தண்டச்செலவு. உப்பில்லாத தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும், நுரை நிற்காது.

குளிருக்குப் பயந்து சன்னலை இறுக மூடி வைப்பது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அறையில் கரியமிலவாயு சேரும். ஸ்கிம்மர் அதையே தண்ணீருக்குள் கலக்கும். தண்ணீரின் பிஹெச் (அமில-கார அளவு) 8-க்குக் கீழே இறங்கும். காற்றுக் குழாயின் நுனியைச் சன்னல் வழியாக வெளியே நீட்டி, மழை புகாமல் கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள். குளிர்ந்த காற்று உள்ளே வருவதால் ஹீட்டருக்குக் கொஞ்சம் வேலை கூடும், பரவாயில்லை. தொட்டி அறையில் கரிச்சட்டி வைத்துக் குளிர்காயவே கூடாது. புகை நேராகத் தண்ணீரில் இறங்கும். மூடிய அறையில் அது மனிதர் உயிருக்கும் ஆபத்து. ஊட்டியின் உயரத்தில், சுமார் 2,240 மீட்டரில், காற்றழுத்தம் கடற்கரையைவிடக் கால் பங்கு குறைவு. தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். இரவில் ஸ்கிம்மரை நிறுத்துவது இங்கே இரட்டைத் தவறு.

அடுத்தது மட்டம். 25 டிகிரி தண்ணீர் குளிர்ந்த அறையில் வேகமாக ஆவியாகும், ஸ்கிம்மர் நிற்கும் கீழ்த்தொட்டியான சம்ப்பில் மட்டம் இறங்கும், நுரையும் இறங்கும். உடனே ஸ்கிம்மர் வால்வைத் திருகாதீர்கள். சம்ப்பில் கோடு போட்டு, தினமும் அதுவரை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி கடல் நீரின் அளவான 1.025-ஐத் தாண்டிவிடும்.

புது ஸ்கிம்மர் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகு கோப்பையில் டிகாஷன் நிறம் வந்தால் சரி. லைட் டீ நிறம் என்றால் தண்ணீர்தான் அதிகம் ஏறுகிறது. ஸ்கிம்மரின் கழுத்தில் படியும் பிசுக்கை மூன்று நாளுக்கொருமுறை துடையுங்கள், சோப்பு வேண்டாம். காற்று நுழையும் துளையில் உப்பு கட்டினால் வெந்நீர் விட்டால் போதும்.

தென்மேற்குப் பருவமழையில் மின்சாரம் போய்ப் போய் வரும். பம்ப் நின்றதும் மேல் தொட்டித் தண்ணீர் சம்ப்பில் இறங்கி மட்டம் உயரும். மின்சாரம் வந்ததும் ஸ்கிம்மர் ஓடினால் கோப்பை நிரம்பி, அழுக்கு திரும்பத் தொட்டிக்கே போகும். மெயின் பம்ப் ஓடிப் பத்து நிமிடம் கழித்து ஸ்கிம்மர் ஓடும்படி டைமர் போடுங்கள்.